கயிறுதான் பேசணும்

அத்தியாயம் 14

ஊர் சிரித்தால் பொறுத்துக்கொள்ளலாம். வளர்த்த மாடே மானத்தை வாங்கினால் யாரிடம் போய் அழுவது?

தாஜிமா மலையடிவாரத்துச் சந்தைத் திடலில், காலை வெயிலில், தனிமுரா வீட்டு மருமகள் மினெகோ அந்தக் கதியில்தான் நின்றுகொண்டிருந்தாள். கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் கிகுனாமி, கரிக்கட்டைக்கு எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் கறுப்புக் கிடாரி. பிறந்தபோது தாய்மடியில் பால் போதாமல், மினெகோ புட்டிப்பால் கொடுத்து வளர்த்த செல்லம்.

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் தேசியக் கண்காட்சிக்கு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரே ஒரு கிடாரிதான் போக முடியும். வரும் ஞாயிற்றுக்கிழமை தேர்வு. இன்று ஒத்திகை. போன வாரம்வரை போகப்போவது கிகுனாமிதான் என்று எதிரிகளே ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம்தான் ஒருநாள் விடியும்போது கொட்டில் கதவு தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. மாமனார் தொகுஜி அதைப் பார்த்துவிட்டு, "எவனோ வந்துட்டுப் போயிருக்கான்" என்று முணுமுணுத்தார். அன்று விழுந்த சந்தேக விதை இன்று முளைத்தது.

வரிசையாக நின்ற கிடாரிகளைப் பார்த்தபடி கூட்டுறவுச் சங்கத்து அதிகாரி நடந்து வந்தார். கிகுனாமியின் பின்னங்கால் ஒன்று தள்ளி நின்றது. கால் தள்ளி நின்றால் முதுகு தொய்ந்து தெரியும், முதுகு தொய்ந்தால் மதிப்பெண் போச்சு. மினெகோ கயிற்றை இரண்டு விரற்கடை உயர்த்தினாள். தனிமுரா வீட்டு வழக்கம் அது. வாயைத் திறக்கக் கூடாது, கயிறுதான் பேசணும் என்பது மாமனார் போட்ட சட்டம்.

கிகுனாமி அசையவில்லை. இன்னொரு தரம் உயர்த்தினாள். அது வாலால் ஓர் ஈயை ஓட்டியதோடு சரி.

பக்கத்தில் நின்றவன் மொரிவாகி வீட்டு சகுவோ. அவன் கிடாரியும் கால் மாற்றித்தான் நின்றது. அவன் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சுண்டினான்.

"ட்டொக், ட்டொக்." ஒரு மூச்சு இடைவெளி. "ட்டொக்."

அவன் கிடாரி காலைச் சரிசெய்தது. அது சரி, அவன் மாடு. ஆனால் அதே நொடியில் கிகுனாமியும் பின்னங்காலை இழுத்து வைத்து, கழுத்தை நிமிர்த்தி, நான்கு காலும் மேஜைக்கால்போல் நேராக நின்றது! இத்தனை மாதத்தில் மினெகோவுக்காக அது ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

"அடேயப்பா!" என்றார் அதிகாரி.

சகுவோ விடுவானா? "என்ன மினெகோ, உங்க வீட்டு மாடு என் பேச்சைக் கேக்குது? உங்களுக்குத் தெரியாம எங்க வீட்டுக்கு டியூஷன் வருதோ?"

திடல் சிரித்தது. வேலியோரம் உட்கார்ந்திருந்த இரண்டு கிழவர்கள் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் சகுவோவின் மனைவி ஹிசானோ வாளி பிடித்துக்கொண்டிருந்தாள். வாளி நிரம்பி அவள் காலணிமேல் வழிந்தது. அவள் கவனிக்கவேயில்லை.

கொட்டகை நிழலில் மடக்கு நாற்காலியில் இருந்த தொகுஜி எழுந்து நின்றார். எண்பதை நெருங்கும் மனிதர், நேராக லாரியை நோக்கி நடந்தார்.

ஹிசானோ யாரென்று இதுவரை படித்தவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: அவள் தொகுஜியின் மூத்த மகள். அப்பாவின் வார்த்தையை மீறி ஆற்றின் எதிர்க்கரை மொரிவாகி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அன்றிலிருந்து தனிமுரா வீட்டில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை.

*

லாரியின் முன்னிருக்கையில் மூன்று பேர். ஓட்டியது மினெகோவின் கணவன் குனிஹாரு. நடுவில் மினெகோ. ஜன்னலோரம் தொகுஜி. பாலம் வரும்வரை எஞ்சின் மட்டும்தான் பேசியது.

"மாடு பொய் சொல்லாது" என்றார் தொகுஜி.

"மாமா, சத்தியமா நான்…"

"உன்னை நான் ஒண்ணும் கேக்கலையே. நீயா ஏன் பதில் சொல்ற?"

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அவள் மடியில் கனம் இருந்தது. மாட்டைப் பற்றியதல்ல அது, வேறு கனம்.

புதன்கிழமைதோறும் சங்கத்துச் சமையற்கூடத்தில் ஊர்ப் பெண்கள் சேர்ந்து ஊறுகாய் போடுவார்கள். அங்கே ஹிசானோவும் வருவாள். முதலில் தலையசைப்பு, பிறகு இரண்டு வார்த்தை, பிறகு வெட்டும் பலகையைப் பகிர்ந்துகொள்ளும் அளவுக்குப் பழக்கம். "அப்பா எப்படி இருக்கார்?" என்று ஒருநாள் அவள் கேட்டபோது அவள் கத்தி நின்றுவிட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு மினெகோவால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதை வீட்டில் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

ஓரக்கண்ணால் கணவனைப் பார்த்தாள். குனிஹாருவின் காதுமடல் சிவந்திருந்தது. பொய்யை விழுங்கும்போது சிவக்கும் காது அது. பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் இதுகூடத் தெரியாதா?

இவர் ஏன் பேச மாட்டேன் என்கிறார்?

*

மத்தியானச் சாப்பாட்டில் குளிர்ந்த நூடுல்ஸும், சுட்ட மீனும், தட்டு நிறைய டர்னிப் ஊறுகாயும். மகள் வகானா பள்ளியிலிருந்து வந்திருந்தாள். வேளாண்மைப் பள்ளியில் கடைசி வருஷம். காலையில் நடந்தது, அவள் வீடு வந்து சேருமுன்பே அவள் கைபேசிக்கு வந்து சேர்ந்திருந்தது.

தொகுஜி ஊறுகாயில் ஒரு துண்டை எடுத்தார், மென்றார், விழுங்கினார். தட்டை நடுமேஜைக்குத் தள்ளினார்.

"இந்த ஊறுகாய் யார் போட்டது?"

மினெகோவின் கையில் கிண்ணம் நின்றது. "சங்கத்துல, எல்லாரும் சேர்ந்து…"

"எல்லாரும் சேர்ந்து போட்டா இந்த ருசி வராது. எலுமிச்சைத் தோலை இப்படி நூலா நறுக்கறவ ஒருத்திதான். யாரு?"

குனிஹாரு மீன்முள்ளை ஆராயத் தொடங்கினான். பூகம்பம் வந்தாலும் இந்த மனிதர் மீன்முள்ளைத்தான் ஆராய்வார் என்று மினெகோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாத்தனார் போட்டது" என்றாள்.

"தெரியும். போன மழைக்காலத்துலேருந்தே தெரியும்." குரலை உயர்த்தவில்லை அவர். உயர்த்தியிருந்தால் தேவலை. "ஊறுகாய் அங்கேருந்து இங்க வருது. இங்கேருந்து அங்க என்ன போகுதுன்னுதான் தெரியாம இருந்துச்சு. இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு."

"மாமா! நான் மாட்டைக் கூட்டிட்டுப் போனேன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லல. மாடு சொல்லுது. அந்தச் சத்தம் இந்த ஊர்ல அந்த ஒரு வீட்லதான் இருக்கு. அங்க பழகாத மாடு அதைக் கேட்டு நிக்குமா? நம்ம கொடியை அவன் கையில குடுக்கறதுக்குத்தான் அந்தப் பொண்ணும் நீயும் ஊறுகாய் போடறீங்களா?"

கொடி என்று இங்கே சொல்வது மாட்டின் தாய்வழியை. தாய், தாயின் தாய் என்று பூசணிக்கொடிபோல் ஒரே வேரிலிருந்து படர்ந்து வரும் வம்சம். தனிமுரா கொடியில் இப்போது மிச்சம் இருப்பது கிகுனாமி ஒன்றுதான்.

"ஞாயித்துக்கிழமை கயிறு வகானா பிடிப்பா" என்றார் தொகுஜி. "நீ கூட்டத்துல நின்னு பாரு. அதுவரைக்கும் கொட்டில்ல தீவனம் வெக்கறதோட நிறுத்திக்க. கயிறைத் தொடாத."

எழுந்து போய்விட்டார். ஊறுகாய்த் தட்டு நடுவில் கிடந்தது. மினெகோவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. புட்டிப்பால் கொடுத்த கை இது! பனியில் விறைத்துக் கிடந்த கன்றைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த உடம்பு இது! திருடி என்று சொல்ல இந்தக் கிழவருக்கு எப்படி வாய் வந்தது?

"எனக்குக் கயிறு வேணாம்மா" என்றாள் வகானா மெல்ல. "நான் இழுத்தா அது ஒரு அடி வராது. தாத்தாவுக்கும் அது தெரியும்."

"சரி, நீ தின்னு."

"அம்மா…" வகானா தயங்கினாள். "நீ நிஜமாவே கூட்டிட்டுப் போகலதானே?"

அந்தக் கேள்வி மாமனார் சொன்னதைவிட ஆழமாக இறங்கியது.

*

சந்தேகம் சிரங்கு மாதிரி. ஒருவரைத் தொட்டால் வீடு முழுக்கப் பரவும். பிற்பகலில் மினெகோ பாத்திரம் தேய்த்துக்கொண்டே கணக்குப் போட்டாள். நான் போகவில்லை. மாமனார் எதிர்க்கரைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். வகானாவுக்கு மாட்டை இழுக்கத் தெரியாது. மிச்சம் யார்?

விடியும் முன்னே படுக்கையைவிட்டு எழுந்து போவது யார்? கேட்டால் "வயல்ல தண்ணி பார்க்கப் போனேன்" என்று சொல்வது யார்? அறுவடைக்காக வயலில் தண்ணீரை வடித்து எத்தனையோ நாளாகிவிட்டதே!

கையைத் துடைத்துக்கொண்டு கொட்டிலின் பின்பக்கம் போனாள். வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து மெல்லிய புகை எழுந்தது.

"ஏங்க!"

குனிஹாரு துள்ளி எழுந்தான். சிகரெட்டைக் காலணிக்குள் போட முயன்று கையைச் சுட்டுக்கொண்டான்.

"கோயில்ல கைகூப்பி விட்டுட்டேன்னு சொன்னீங்களே, இதுதான் அதுவா?"

"ஒண்ணே ஒண்ணுதான்…"

"தினமும் விடிகாலையில வயல்ல பார்த்த தண்ணி இதுதானா? வைக்கோல் பக்கத்துல! கொட்டில் பத்திக்கிட்டா என்ன ஆகும்? அன்னைக்குத் தாழ்ப்பாளைத் திறந்து போட்டது…"

"நான்தான். உள்ள தீப்பெட்டி வெச்சிருந்தேன்." தலையைக் குனிந்துகொண்டான். நாற்பத்தெட்டு வயதில் திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையன் முகம்.

வேறொரு நாளாக இருந்தால் மினெகோ சிரித்திருப்பாள். "அதை அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமில்ல? எவனோ வந்துட்டான்னு அவர் ஒரு வாரமா மூச்சு முட்டிக்கிட்டிருக்காரே!"

"சொன்னா கொன்னுடுவார்."

"எனக்குத் திருட்டுப் பட்டம் கட்டினாலும் பரவாயில்லை. உங்களுக்குத் திட்டு விழக் கூடாது. அப்படித்தானே?"

மினெகோ நெருங்கி நின்றாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த சகுவோ போட்ட சத்தம். அதைக் கேட்டதுலேருந்து உங்க காது ஏன் சிவந்திருந்துச்சு?"

காது மறுபடி சிவந்தது.

"அதைப் பத்தி எங்கிட்ட கேக்காத. அப்பாவைக் கேளு."

"அப்ப உங்களுக்கு ஏதோ தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த மாடு எப்படிக் கத்துக்கிச்சுன்னு சத்தியமாத் தெரியாது." வைக்கோல் கட்டைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்.

*

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரம். மினெகோ பார்லித் தவிட்டு வாளியோடு கொட்டிலை நோக்கி நடந்தாள். தீவனம் வைக்கத்தான் அனுமதி உண்டே!

கதவுக்கு நான்கடி இருக்கும்போது உள்ளிருந்து அது கேட்டது.

"ட்டொக், ட்டொக்." ஒரு மூச்சு இடைவெளி. "ட்டொக்."

ரத்தம் தலைக்கு ஏறியது. வந்துவிட்டான்! காலையில் திடலில் சிரித்தது போதாதென்று இருட்டுமுன்னே வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டான் சகுவோ! வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். சுவரில் சாத்தியிருந்த சாணி வாரும் கவைக்கோலைக் கையில் எடுத்தாள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்து, மாமனார் முன்னால் நிறுத்தி, அதற்கப்புறம்தான் மறுவேலை.

கதவிடுக்கில் கண்ணை வைத்தாள்.

உள்ளே சகுவோ இல்லை. யாருமே இல்லை, தொகுஜியைத் தவிர.

முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வைக்கோல் பிரியால் கிகுனாமியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தினமும் அந்தியில் அது அவர் வேலை. அந்த நேரத்தில் கொட்டிலுக்குள் யாரும் போகக் கூடாது, மாடு கலையும் என்பார். கோபத்தில் மினெகோ அந்தச் சட்டத்தையே மறந்து வந்திருந்தாள். தோளிலிருந்து விலா, விலாவிலிருந்து இடுப்பு. தொடைக்கு வந்ததும் அவர் நாக்கு தானாகச் சுண்டியது. கிகுனாமி காலை எடுத்து நேராக வைத்தது. அவர் மறுபக்கம் போனார். சமையலறையில் தனக்குத் தெரியாமலே முனகிக்கொள்பவர்களைப்போல அவர் வாய் அதன்பாட்டுக்குச் சத்தம் போட்டது, கை அதன்பாட்டுக்குத் தேய்த்தது.

மினெகோ கவைக்கோலோடு உள்ளே போனாள்.

"மாமா."

"ம்ம்? தீவனத்தை வெச்சுட்டுப் போ. அது எதுக்குக் கையில?"

"இப்ப என்ன சத்தம் போட்டீங்க?"

"நானா?" உண்மையாகவே விழித்தார். "நான் எங்க சத்தம் போட்டேன்? வாய் பேசக் கூடாதுன்னு இந்த வீட்ல சட்டம் போட்டதே நான்."

"சரி. தேய்ங்க. விடாம தேய்ங்க."

"என்ன இது புதுசா…"

"தேய்ங்க மாமா!"

மருமகள் அவரை அதட்டியது அதுதான் முதல் தடவை. அதிர்ச்சியில் தேய்க்கத் தொடங்கினார். தோள், விலா, இடுப்பு. கை தொடைக்கு வந்தது. நாக்கு மேலே போய் ஒட்டியது.

"ட்டொக்…"

அங்கேயே நின்றுவிட்டார். மிச்சம் வரவில்லை. ஆனால் மிச்சத்துக்குக் காத்திராமல் கிகுனாமி பின்னங்காலை எடுத்து நேராக வைத்து, கழுத்தை நிமிர்த்தி நின்றது.

பிறகு தொகுஜி கவிழ்த்துப் போட்ட தீவனத் தொட்டிமேல் உட்கார்ந்தார். உட்காரும்போதுதான் எவ்வளவு வயதானவர் என்று தெரிந்தது.

"ஹிசானோவுக்கு ஆறு வயசு" என்றார். பல வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். "ஆளைவிட மாடு பெருசு. கயிறை உயர்த்த எட்டாது. அழுதா. அதுக்காக நான் உண்டாக்கின சத்தம் அது. ரெண்டு போடு, மூச்சு விடு, ஒண்ணு போடுன்னு சொல்லிக் குடுத்தேன். எவ்வளவு பெரிய மாடும் அவளுக்கு நின்னுச்சு."

"அப்ப அது நம்ம வீட்டுச் சத்தம்!"

"அவ கல்யாணமாகி மறு வருஷம், திடல்ல அந்த சகுவோ என் பக்கத்துல நின்னுக்கிட்டு அதையே போட்டான். என் சத்தம், அவன் வாயில. ஜெயிச்சிட்டும் போனான்." உள்ளங்கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "அன்னையிலேருந்து இந்த வீட்ல அது கிடையாது."

"வீட்ல இல்ல மாமா. உங்க வாயில இருந்திருக்கே."

அவர் விரல்கள் உதட்டைத் தொட்டுப் பார்த்தன.

கணவனின் காது எதற்குச் சிவந்தது, வேலியோரக் கிழவர்கள் எதற்குத் தரையைப் பார்த்தார்கள் என்பதெல்லாம் இப்போது புரிந்தது. தண்ணீர் வழிந்ததுகூடத் தெரியாமல் ஹிசானோ நின்றது எதற்கு என்பதும். அந்த நொடியிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும், அப்பா இன்னும் அந்தச் சத்தத்தைப் போடுகிறார் என்று!

மினெகோவுக்கு இரக்கம் வந்தது. ஆனால் கோபம் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை.

"மத்தியானம் என் பொண்ணு முன்னால என்னைத் திருடின்னு சொன்னீங்க. கயிறைப் பிடுங்கினீங்க. நீங்க மாட்டுக்குச் சொல்லிக் குடுத்த பாடத்துக்கு நான் தண்டனை அனுபவிக்கணுமா?"

தொகுஜி வைக்கோல் பிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவருக்கு வாய்க்கவில்லை. கடைசியில், "அந்த ஊறுகாய்ல உப்பு கம்மி" என்றார். "அவ எப்பவும் கரிக்கக் கரிக்கத்தான் போடுவா. எனக்கு ரத்தக்கொதிப்புன்னு அவகிட்ட யார் சொன்னது?"

"நான்தான்."

"ம்."

"மாமா, இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை கயிறை வெறுமனே தூக்கினா இவ நிக்கமாட்டா, காலையிலயே பார்த்தாச்சு. சத்தம் போட்டா நிப்பா. ஆனா சகுவோ பக்கத்துல நின்னு நான் அதைப் போட்டா ஊர் என்ன சொல்லும்? மொரிவாகி வீட்ல பழக்கின மாடு, மருமக கள்ளத்தனமா கொண்டுபோய்ப் பழக்கியிருக்கான்னு சொல்லும். இன்னைக்கு நீங்களே சொன்னதுதானே? அது யாரோட சத்தம்னு திடல்ல எழுந்து நின்னு சொல்ல உரிமை உள்ளவங்க ரெண்டே பேர். ஒருத்தர் நீங்க."

இன்னொருவர் பெயரை அவள் சொல்லவில்லை.

அப்போது வகானா மூச்சிரைக்க ஓடிவந்தாள். கொட்டில் வாசலில் நின்றவள், அம்மா கையிலிருந்த கவைக்கோலையும் தொட்டிமேல் தாத்தாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா… கீழ பாதை முக்குல ஒரு வண்டி நிக்குது. வெள்ளை வண்டி. ரொம்ப நேரமா நிக்குது. இறங்கவும் மாட்டேங்கறாங்க, போகவும் மாட்டேங்கறாங்க."

"ஓட்டறது ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளை. தனியா."

மினெகோ மாமனாரையே பார்த்தாள். போய் விரட்டிவிட்டு வா என்று சொல்வார். இல்லை, கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட வாங்க என்பார். இரண்டில் ஒன்றுதான். இத்தனை வருஷத்தில் மூன்றாவதாக ஒன்றை அவரிடமிருந்து அவள் பார்த்ததில்லை.

தொகுஜி எழுந்தார். கிகுனாமியின் கயிற்றைத் தூணிலிருந்து அவிழ்த்தார். மினெகோவின் கையிலிருந்த கவைக்கோலை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, அந்த வெறுங்கையில் கயிற்றைத் திணித்தார்.

"பிடி" என்றார். "ஞாயித்துக்கிழமையும் நீயே பிடி."

வெளியே நடந்தார். தேய்த்துக்கொண்டிருந்த வைக்கோல் பிரி இன்னும் அவர் கையிலேயே இருந்தது, கீழே போட மறந்துவிட்டார். சரிவில் அவர் தலை இறங்கி இறங்கி மறைவதை மினெகோ பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டப் போகிறாரா, கூப்பிடப் போகிறாரா என்று அந்த முதுகைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

கீழே வண்டியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அதன்பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை.